சகாயராணி அக்காவின் இடது கை

முதல் கோட்டை எங்கே போடுவது என்று தெரியவில்லை. எல்லாரும் ஆரம்பித்துவிட்டார்கள். பென்சில்கள் தாளில் உரசுகிற சத்தம் நான்கு பக்கமும் கேட்கிறது, தேர்வு அறையில் கேள்வித்தாள் கொடுத்து ஐந்தாவது நிமிடத்தில் கேட்குமே அதே சத்தம், மற்ற எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது உனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்கிற சத்தம். சகாயராணி அக்கா நாற்காலியில் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். நாற்காலியின் முதுகு அவருடைய இடது அக்குளுக்குக் கீழே வருகிறது, இடது கை அதைத் தாண்டி வெளியே தொங்குகிறது, உள்ளங்கை என் பக்கமாக, விரல்கள் தரையைப் பார்த்து. வலது கை மடியில். கட்டியிருப்பது தன் இட்லி மாவுக்கடையில் கட்டிக்கொள்கிற பூப்போட்ட நைலக்ஸ் சேலைதான். "நல்ல சேலை கட்டிட்டு வரலாம்னு எடுத்தேன், அப்புறம் நீங்கல்லாம் சேலையை வரைஞ்சுட்டு என்னைய விட்ருவீங்கன்னு வச்சுட்டேன்" என்று வந்ததும் சொல்லிச் சிரித்தார். கையை எதற்கு அப்படித் தொங்கப்போட்டார்? மடியில் வைத்திருக்கலாம், முந்தானைக்குள் வைத்திருக்கலாம். முழங்கை மடிப்பு சரியாக என் கண் மட்டத்துக்கு வருகிறது. பத்து நாளாக நான் யாருடைய முழங்கை மடிப்பையும் பார்க்கவில்லை. பேருந்தில்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். கையைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை காலை படம் வரைய வந்தேன் என்று இப்போது எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன், அது பொய். வந்ததே என் கை நடுங்காமல் இருக்குமா என்று பார்க்கத்தான். நாளைக் காலை ஏழு மணிக்குள் எங்கள் லேப் பொறுப்பாளர் புஷ்பலதா மேடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், இனி எனக்கு ரத்தம் எடுக்கிற அறையா, பெயர் பதிகிற கவுண்டரா. "கவுண்டர்னா கவுண்டர்தான் கோகிலவாணி, அப்புறம் ஆறு மாசம் கழிச்சு வந்து உள்ள போறேன்னு நிக்கக் கூடாது. நல்லா யோசிச்சு சொல்லு." நல்லா யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன் மேடம், வேறு ஒன்றுமே செய்யவில்லை.

ஓய்வூதியர் சங்கக் கட்டடத்தின் மாடி இது. சுவரில் முன்னாள் தலைவர்கள் ஏழு பேர் பிளாஸ்டிக் மாலையோடு வரிசையாக இருக்கிறார்கள், எல்லாருக்கும் ஒரே மாதிரி கண்ணாடி. ஞாயிறு காலை சங்கத்துக்கு இது தேவைப்படாது என்பதால் நசீர் அண்ணன் கேட்டு வாங்கியிருக்கிறார். அவர் கேஸ் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறார், ஓவியர் இல்லை. இங்கே யாரும் ஓவியர் இல்லை, யாரும் யாருக்கும் சொல்லித் தருவதும் இல்லை. குழுவில் இருப்பவர்களே வாரம் ஒருவராக உட்கார வேண்டும், மற்றவர்கள் வரைய வேண்டும், அவ்வளவுதான். கடிகாரம் வைப்பதில்லை என்பதைப் போன வாரம் போனில் பேசியபோதே சொல்லிவிட்டார். "உக்காந்திருக்கவங்க போதும்னு சொல்ற வரைக்கும் வரையலாங்க. சில பேர் அஞ்சு நிமிஷத்துல எந்திரிச்சுருவாங்க, சில பேர் ஒரு மணி நேரம்கூட இருப்பாங்க. நாம கேக்கக் கூடாது." எத்தனை நேரம் இருக்கிறது என்று தெரியாமல் எப்படி ஒரு வேலையைத் தொடங்குவது? மூன்று மணி நேரத்துக்கு நூறு மதிப்பெண், ஒரு மதிப்பெண் கேள்விக்கு ஒரு நிமிடம், ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எட்டு நிமிடம் என்று பிரித்துப் பிரித்து வளர்ந்தவள் நான். கீழே தெருவில் கறிக்கடையில் கத்தி விழுகிற சத்தம் கேட்கிறது. மாநகராட்சி குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறது. அக்கா எந்த நொடியும் எழுந்துவிடலாம். என் தாள் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. பக்கத்து நாற்காலிப் பெண் அதற்குள் தலை, தோள், சேலை மடிப்பு எல்லாம் வரைந்துவிட்டாள். பார்க்கக் கூடாது, அடுத்தவர் தாளைப் பார்ப்பது தப்பு, பார்த்துவிட்டேன்.

தலையிலிருந்து தொடங்க வேண்டும் என்று தெரியும், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் என் கண் போய் நின்ற இடம் முழங்கை மடிப்பு. அங்கிருந்து எடுக்க முடியவில்லை, ஒன்றரை வருடமாக ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேரிடம் என் கண் முதலில் போன இடம் அது. டியூப்பில் பெயர் ஒட்டும்போது முகத்தை ஒரு தடவை பார்ப்பேன், "பேர் சொல்லுங்க, வயசு சொல்லுங்க", அதற்குப் பிறகு கைதான். அதனால் அந்த மடிப்பில் பென்சிலை வைத்தேன். ஒரு சின்ன வளைவு. மேலே தசை சரிந்து வந்து மடிப்பில் விழுகிறது, கீழே முன்கை திரும்பவும் கனத்து இறங்குகிறது. கோடு மெல்லியதாக, சுத்தமாக வந்தது, ரெக்கார்டு நோட்டில் வருகிற கோடு. பிளஸ் ஒன் படிக்கும்போது செம்பருத்திப் பூவின் நெடுக்கு வெட்டுத் தோற்றம் வரைந்து கொடுத்தது எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு நான்தான். ஸ்கேல் வைத்துப் பாகம் குறிக்கிற கோடு, கூரான பென்சில், நிழலுக்குப் புள்ளி வைக்க வேண்டுமே தவிர தேய்க்கக் கூடாது, தேய்த்தால் தாவரவியல் டீச்சர் தாளைக் கிழித்துவிடுவார். உயிரோடு இருக்கிற எதையும் அப்போது பார்த்து வரைந்ததில்லை, கைடில் இருந்ததைப் பார்த்து வரைந்தோம். செம்பருத்தி பள்ளி வாசலிலேயே பூத்துக் கிடந்தது, ஒருத்தரும் போய்ப் பார்க்கவில்லை. பார்த்து வரைந்திருந்தால் தப்பாகியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன், பூ கைடில் இருப்பது மாதிரி இருக்காது. இந்தக் கையும் அப்படித்தான். நான் புள்ளி வைக்கிறேன். யாருமே இங்கே புள்ளி வைக்கவில்லை. வைத்துக்கொண்டு போகிறேன், வேறு எப்படிச் செய்வது என்று தெரியாது.

இப்படித்தான் கனமாக இருந்தது ராஜாமணி அம்மாவின் கையும். நினைக்கக் கூடாது என்று பென்சிலை அழுத்துகிறேன், நினைப்பு வந்துவிட்டது. வியாழக்கிழமை, டோக்கன் முப்பத்தொன்று, ஐம்பத்தெட்டு வயது. வெளியே நாற்பது பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறார்கள், கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாரும் ஒன்றாக நிமிர்ந்து பார்க்கிறார்கள். ரப்பர் பட்டையைக் கட்டினேன், விரலால் தடவினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. இருக்கும் என்று நினைத்துக் குத்தினேன், இல்லை. கொஞ்சம் தள்ளி இன்னொரு குத்து, இல்லை. இரண்டு தடவைக்கு மேல் ஒரே ஆள் குத்தக் கூடாது, வேறொருவரைக் கூப்பிட வேண்டும், சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறது. அடுத்த மேஜையில் ஜெரினா இருந்தாள், ஒரு குரல் கொடுத்தால் போதும். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும். எனக்குத் தெரியாது என்பதை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து என் ஒரே படிப்பு. முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கத் தாசில்தார் அலுவலகத்துக்கு மூன்று தடவை அலைந்தபோது அங்கிருந்தவர் "வீட்டுல வேற யாருமே படிக்கலையா, ஒருத்தர்கூடவா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார், விண்ணப்பத்தில் நிரப்ப வேண்டும் அவருக்கு. அந்தக் கேள்வியை நான் இன்னமும் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது தடவை குத்தினேன். கொஞ்சம் ரத்தம் வந்தது, நின்றது, கை நீலமாக வீங்கியது. அந்த அம்மாவின் மகன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "நீ படிச்சிட்டுத்தான் வந்தியா? எங்கம்மா கை என்ன உனக்குத் தச்சுப் பழகுற துணியா?" எனக்கு உள்ளங்கையெல்லாம் நடுங்கியது, பஞ்சைப் பிடிக்க முடியவில்லை. அந்த அம்மா மகனைப் பார்த்து, "சும்மா இருடா, புள்ள பயந்துபோய் நிக்குது பாரு" என்று சொல்லிவிட்டு மற்றக் கையின் சேலையை ஏற்றிவிட்டு மேஜை மேல் வைத்தார். "இதுல பாரும்மா. மெதுவாப் பாரு." நான் அந்தக் கையைத் தொடவில்லை. வெளியே போய்விட்டேன். ஜெரினா வந்து எடுத்தாள். இதை நான் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. மூன்று தடவை குத்தினேன் என்பதை மேடத்திடம் ஒத்துக்கொண்டேன், ஆனால் அந்த அம்மா இன்னொரு கையை நீட்டினார் என்பதைச் சொல்லவில்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்வது மகன் கத்தியது இல்லை, அந்த நீட்டிய கை. ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். ஒரு மன்னிப்பாவது.

பென்சில் இப்போது முன்கையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு பழைய தழும்பு இருக்கிறது, கிரைண்டரில் இடித்திருக்கும். அதையும் வரையலாமா? வரைந்தால் அக்காவுக்கு வருத்தமாக இருக்குமோ? ஆனால் தழும்பு இருக்கிறதே. மெல்லியதாக வரைகிறேன். அக்கா ஒரு தடவை மூச்சை நீளமாக விட்டார், எழுந்துவிடுவார் என்று பென்சிலை வேகமாக நகர்த்தினேன், எழவில்லை. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், பத்து நிமிடமா, இருபதா? இப்படி ஒருவர் முன்னால் வேறு வேலையே இல்லாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில்கூட அம்மாவை நான் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இல்லை, பார்த்திருக்கிறேன், முகத்தை இல்லை, கையை. பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்து லேப் டிப்ளமோ படிக்கும்போது நரம்பைத் தொட்டுக் கண்டுபிடித்துப் பழக வேண்டும் என்று சொல்லி ரப்பர் பட்டையை வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். ஊசியெல்லாம் கிடையாது, விரல் மட்டும். அப்பா டி.வி.யில் கபடி பார்த்துக்கொண்டே கையை என் பக்கம் நீட்டிவிடுவார். நாளெல்லாம் சுவருக்கு பெயிண்ட் அடித்த கை, அதில் நரம்பு கயிறு மாதிரி எழும்பி நிற்கும். "என்ன டாக்டரே, கிடைச்சுச்சா?" என்பார். "உங்க கையில குருடன்கூடக் கண்டுபிடிப்பான்பா, அம்மாவை வரச்சொல்லுங்க" என்பேன். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார். தங்கை தர்ஷினி மட்டும் ஏதாவது கொடுத்தால்தான் கை தருவாள், ஒரு தடவை என் புது ஹேர்கிளிப்பை வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடம் கொடுத்தாள், பட்டையை இறுக்கியதும் "கொல்றா கொல்றா" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். மூன்று பேரும் நான் என்ன படிக்கிறேன் என்று சரியாகச் சொல்ல மாட்டார்கள், மைக்ரோ என்பதோடு நின்றுவிடுவார்கள். ஆனால் கேட்டபோதெல்லாம் கையை நீட்டினார்கள். அதற்குப் பிறகு பெயர் தெரியாத எத்தனை பேர், காலை ஆறரை மணிக்கு வந்து, பயத்தை விழுங்கிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் என்னிடம் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது? நான் யார் அவர்களுக்கு? வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், டோக்கன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கவுண்டருக்குப் போய்விட்டால் பெயரும் வயதும் போன் நம்பரும் கண்ணாடி ஓட்டை வழியாக வரும், ஒரு கையும் வராது.

விரல்களுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. தாள் முடிந்துவிட்டது. சுண்டுவிரல் தாளின் அடி ஓரத்தில் இடிக்கிறது, மேலே தோள் தாளின் மேல் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கிறது. தலை இல்லை. கழுத்து இல்லை. நாற்காலி, சேலை, மடி, கால் ஒன்றுமே இல்லை. தாள் முழுக்க ஒரு கை. நான் அதைக் கை எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரியதாகவே வரைந்திருக்கிறேன், பக்கத்தில் வைத்துக் குத்தப்போகிறவள் மாதிரி. இதைத்தான் மகன் கேட்டார், படிச்சிட்டுத்தான் வந்தியா. கேள்வியைச் சரியாகப் படிக்காமல் பதில் எழுதிவிட்டேன், ஒரு ஆளை வரையச் சொன்னார்கள். அழித்துவிடலாம், அழிப்பான் பையில் இருக்கிறது, புதுசு, நேற்று வாங்கியது. இன்னொரு தாள் எடுக்கலாம், எடுத்தால் சத்தம் கேட்கும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், அதற்குள் அக்கா எழுந்துவிடுவார். நசீர் அண்ணன் தன் தாளிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார், என் பலகையைப் பார்த்திருப்பார், ஒன்றும் சொல்லாமல் திரும்பக் குனிந்துகொண்டார். அந்தச் சொல்லாமல் இருந்ததற்கு அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பென்சிலை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்விடலாமா? அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். ஒரு கை எனக்காக அங்கே இருக்கிறது, நான் கதவைப் பார்க்கிறேன். போகக் கூடாது. வரைய ஒன்றும் மிச்சம் இல்லை, சரி, போகாமல் இருக்கலாம், பார்த்துக்கொண்டாவது இருக்கலாம்.

அதனால் பார்த்தேன். எடுப்பதற்காக இல்லை, குத்துவதற்காக இல்லை, வரைவதற்காகக்கூட இல்லை. மின்விசிறி சுற்றுகிறது. ஜன்னல் வெயில் கொஞ்சம் நகர்ந்து அக்காவின் மேல்கையில் ஏறியிருக்கிறது. கையின் நிறம் மாறியிருந்தது. முதலில் பார்த்தபோது முழுக்க ஒரே நிறம், இப்போது விரல்நுனிகள் கறுத்திருக்கின்றன, தொங்கித் தொங்கி ரத்தம் கீழே இறங்கி நிற்கிறது, அக்காவுக்கு இந்நேரம் மரத்துப்போயிருக்கும், எறும்பு ஊருவது மாதிரி இருக்கும், ஆனாலும் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. எதற்காக இப்படிப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்? எங்களுக்காகத்தான், நாங்கள் கோணல்மாணலாக வரைகிற இந்தத் தாள்களுக்காக. மடிப்புக்கு வெளிப்பக்கம், கட்டைவிரல் இருக்கிற பக்கமாக, ஏதோ ஒன்று இருந்தது. கோடு என்று சொல்ல முடியாது, நிழல் என்றும் சொல்ல முடியாது. தோலின் மேல் வழுக்கிக்கொண்டு வருகிற வெளிச்சம் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் தயங்குகிறது. முதலில் இல்லை அது, உட்கார்ந்தபோது நிச்சயமாக இல்லை, அந்த இடத்தில் நான் வழவழவென்றுதான் விட்டிருக்கிறேன். இத்தனை நேரத்தில் மெதுவாக, யாருக்கும் தெரியாமல் மேலே வந்திருக்கிறது. நரம்பு. ராஜாமணி அம்மாவுக்கும் இருந்திருக்கும். கையைத் தொங்கப்போடச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் நான் காத்திருந்தால் எனக்கும் காட்டியிருக்கும். நாற்பது பேரைத்தான் பார்த்தேன், கதவைப் பார்த்தேன், என் மானத்தைப் பார்த்தேன். பென்சிலைப் படுக்கவைத்து அந்த இடத்தில் தேய்த்தேன், புள்ளி வைக்கவில்லை, தாவரவியல் டீச்சர் கிழித்துக்கொள்ளட்டும். பாதி தேய்த்தபோதுதான் என் கை நடுங்கவில்லை என்பதைக் கவனித்தேன். கவனித்த உடனே நடுங்கியது. தாளிலிருந்து கண்ணை எடுத்து அக்காவின் கையைப் பார்த்தேன், கொஞ்ச நேரத்தில் நின்றது. மறுபடி என் கையைப் பார்த்தேன், நடுங்கியது. சரி, அப்படியானால் என் கையை நான் பார்க்க வேண்டாம்.

"போதும்பா, கை செத்துப்போச்சு" என்று அக்கா எழுந்தார். நாற்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. கையை உதறிக்கொண்டே, தரையில் பரப்பி வைத்த தாள்களைச் சுற்றி வந்தார், உட்கார்ந்தவர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமாம். நசீர் அண்ணனின் தாளுக்கு முன்னால் நின்று, "நசீரு, இது நானா, உங்க மாமியாரா?" என்றார். "மாமியார் இவ்வளவு நேரம் வாயை மூடிட்டு இருக்க மாட்டாங்கக்கா" என்றார் அவர். என் தாளை நான் கடைசியில், சுவரோரமாக வைத்திருந்தேன். அங்கேயும் வந்துவிட்டார். "ஏண்டி கோகிலா, என் தலை எங்க?" "இடம் பத்தலக்கா." "கழுத்தாவது?" "அதுக்கும் பத்தல." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கஷ்டமாக இல்லை, ஆச்சரியமாக இருந்தது. அக்கா முட்டியில் கை ஊன்றிக் குனிந்து பார்த்தார். "இவ்வளவு கனமாவா இருக்கு என் கை?" நான் பயந்துபோய் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவரே, "இருக்காதா பின்ன, அண்டா தூக்குற கையில்ல. தழும்பைக்கூட விடல பாரேன்" என்றார். பிறகு நான் தேய்த்த இடத்தில் விரலை வைத்தார். "இது என்ன, பென்சில் அழுக்கா?" "நரம்புக்கா." "போடி. என் கையில நரம்பே கிடையாது, லேப்லயே சொல்லிட்டாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி சுகர் பாக்கப் போனேன், அந்தப் பொண்ணு நாலு தடவ குத்திட்டு உங்களுக்கு நரம்பே இல்லீங்கன்னுட்டா. அதோட அந்தப் பக்கமே போறதில்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கால் விரல்ல ஒரு புண்ணு, ரெண்டு மாசமா ஆற மாட்டேங்குது. எனக்குத் தெரியாமலா இருக்கு. போகத்தான் பயமா இருக்கு."

அப்போது சொல்லாமல் இருந்திருக்கலாம். பாவம்கா என்று சொல்லிவிட்டு தாளைச் சுருட்டிக்கொண்டு வந்திருக்கலாம். "நானும் அந்த மாதிரி குத்தினவதான்க்கா" என்றேன். "லேப்லதான் வேலை பாக்குறேன். பத்து நாள் முன்னாடி ஒரு அம்மாவை மூணு தடவ குத்திட்டேன். கை வீங்கிருச்சு. அவங்க திட்டல. இன்னொரு கையைக் குடுத்தாங்க. நான் எடுக்காம எந்திரிச்சு ஓடிட்டேன்." இத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னேன், சொல்லும்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. "மூணு தடவையா?" "மூணு." "அடிப்பாவி" என்றார் அக்கா. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் தரையைப் பார்க்கவில்லை, முக்கால் மணி நேரமாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இப்போது அவர் பார்ப்பதற்குத் தலை குனிந்தால் நியாயமில்லை. பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இடது கையை என் மடியில் வைத்தார், இன்னும் மரத்துத்தான் இருந்திருக்கும், தூக்கி வைக்க வலது கையால் பிடிக்க வேண்டியிருந்தது. "எங்க இருக்கு, காட்டு." விரலை வைத்தேன். தோல் குளிர்ந்திருந்தது. மடிப்புக்கு வெளிப்பக்கம், அழுத்தினால் உள்ளே போய் விட்டால் திரும்ப வருகிறது, மெத்தென்று, உயிரோடு. "இருக்குக்கா. இதோ. உங்க விரலை வச்சுப் பாருங்க." வைத்துப் பார்த்தார். "இதுவா? இது எனக்கு எப்பவும் இருக்குமே" என்றார்.

"சரி, நாளைக்கு வரேன்" என்று அக்கா கையை எடுக்காமலே சொன்னார். "நீதானே எடுப்ப? வேற எவளாவது உக்காந்திருந்தா வாசலோட திரும்பிருவேன், சொல்லிட்டேன்." நான் கவுண்டரில் இருப்பேன் என்று சொல்லலாம். நாளைக்கு என்று தெரியவில்லைக்கா, மேடத்தைக் கேட்க வேண்டும் என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. மரத்த கை என் மடியில் கனமாகக் கிடந்தது. "நான்தான்க்கா எடுப்பேன்" என்றேன். "ஆனா எனக்குக் கிடைக்காமயும் போகலாம். ரெண்டு தடவதான் பாப்பேன். அதுக்கு மேல நான் தொட மாட்டேன், ஜெரினான்னு ஒருத்தி இருக்கா, அவளைக் கூப்பிட்ருவேன். அப்ப நீங்க எந்திரிச்சுப் போகக் கூடாது." "ரெண்டுதானே? நாலு வாங்கினவடி நான்." போனை எடுத்து மேடத்துக்கு ஒரு வரி அனுப்பினேன், நாளைக்கு அறைக்கே வருகிறேன் என்று. தட்டும்போது இரண்டு எழுத்து தப்பாக விழுந்தது, திருத்தி அனுப்பினேன். அக்கா என் தோள் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "காலையில என்ன சாப்ட்டு வரணும்?" என்று கேட்டார். "ஒண்ணும் சாப்பிடக் கூடாதுக்கா. காபியும் கூடாது." "காபியுமா? காலையில மூணு மணிக்கு மாவாட்ட எந்திரிக்கிறவகிட்டப் போயி காபி கூடாதுங்கிறியே, நீ நல்லா இருப்பியா!" "தண்ணி குடிங்க. நிறையக் குடிங்க. ஆறரைக்கு வந்து டோக்கன் போட்டுட்டு, வெளிய பெஞ்சுல இதே மாதிரி கையைத் தொங்கப்போட்டு உக்காந்துக்கங்க. கூட்டம் இருந்தா இருக்கட்டும். உள்ள வந்தப்புறமும் அவசரம் இல்ல, உடனே கிடைக்கலைன்னாலும் பயப்படாதீங்க. வர்ற வரைக்கும் நான் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்."